லினக்ஸ் கெர்னல்: ஒத்திகை பார்த்தவர்களின் கதை

லினக்ஸ் என்று பொதுவாகச் சொன்னாலும், சரியாகப் பார்த்தால் அந்தப் பெயர் கெர்னலுக்கு மட்டுமே உரியது. திரையில் தெரியும் சன்னல்கள், உலாவி, எழுதுகருவி எல்லாம் அதன் மேலே ஏறி உட்கார்ந்திருப்பவை. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நின்று நினைவகத்தையும், செயலியின் நேரத்தையும், வட்டில் உள்ள இடத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் நிரல்தான் கெர்னல். அதில் ஒரு வழு இருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் மூடிக்கொண்டது என்ற அளவில் கதை முடியாது. மொத்தக் கணினியும் உறைந்து போகலாம். பல வருடக் கோப்புகள் ஒரே நிமிடத்தில் அழிந்து போகலாம். ஆகவே ஒவ்வொரு புதிய கெர்னலையும் அது அதிகாரப்பூர்வமாக வெளிவரும் முன்பே யாராவது தன் கணினியில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். அந்த 'யாராவது' யார்? லினக்ஸ் பிறந்து 30 வருடங்களுக்கு மேல் ஆகியும் இந்தக் கேள்வி முழுசாகத் தீரவில்லை.

இன்றைக்கு இதற்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. ஒரு பதிப்பு வெளியானவுடன் இரண்டு வாரங்களுக்குக் கதவு திறந்திருக்கும். அந்த இரண்டு வாரத்தில்தான் புதிய வசதிகள் எல்லாம் உள்ளே வரும். பிறகு கதவு சாத்தப்பட்டு 'ஆர்சி1' வெளியாகும். ஆர்சி என்பது ரிலீஸ் கேண்டிடேட் என்பதன் சுருக்கம். வெளியீட்டுக்கு மனுப் போட்டிருக்கும் வேட்பாளர் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு திருத்தங்கள் மட்டுமே. வாரம் ஒன்றாக, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஆர்சி2, ஆர்சி3 என்று வந்து, ஏழிலோ எட்டிலோ முடிந்து இறுதிப் பதிப்பு வரும். மொத்தம் 9 அல்லது 10 வாரங்கள். கேட்க ஒழுங்காக இருக்கிறது இல்லையா? இந்த ஒழுங்குக்கு வந்து சேர லினக்ஸுக்கு ஏறக்குறைய 14 வருடங்கள் பிடித்தன. வழியில் பலருடைய வட்டுகள் பலியாயின.

ஆரம்பத்தில் ஒத்திகை என்ற தனிப் பேச்சே கிடையாது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக மினிக்ஸ் பயனர்களின் குழுமத்தில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. செப்டம்பரில் 0.01 வந்தது. அதை எடுத்து ஓட்டியவர்கள் எல்லோருமே சோதனையாளர்கள்தான். பயனர் வேறு, நிரலர் வேறு, சோதிப்பவர் வேறு என்ற பிரிவே இல்லை. 1992 மார்ச்சில் 0.12-இல் இருந்து ஒரே தாவலாக 0.95-க்குப் போனார் லினஸ். 1.0 பக்கத்தில் வந்துவிட்டது என்ற நம்பிக்கை! அந்த வருட டிசம்பரில் 0.99 வந்தது. அதோடு எண்கள் தீர்ந்து போயின. 1.0 என்று சொல்லவும் மனம் வரவில்லை. 0.99-க்குள்ளேயே 15 படிகள் போட்டு, அதுவும் போதாமல் ஆங்கில எழுத்துகளை ஒட்டிக்கொண்டு 15 மாதங்கள் ஓட்டினார்கள். 1994 மார்ச் 14 அன்றுதான் 1.0 வந்தது. அதில் இருந்த வரிகள் 1,76,250. ஒருவர் உட்கார்ந்து படித்து முடித்துவிடக்கூடிய அளவு என்றே சொல்லலாம். இன்று அது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது.

அடுத்து வந்தது ஒற்றை-இரட்டை முறை. இரண்டாவது எண் இரட்டையாக இருந்தால் (1.2, 2.0, 2.2) நம்பிப் பயன்படுத்தலாம். ஒற்றையாக இருந்தால் (1.3, 2.1, 2.3) அது பட்டறை, உள்ளே போனால் அடிபட்டாலும் கேட்கக்கூடாது. தெளிவான ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் நிரலர்கள் மட்டுமே. அவர்களிடம் இருப்பது அவர்களுடைய கணினி. உலகத்தில் உள்ள விதவிதமான ஒலி அட்டைகளும், நெட்வொர்க் கார்டுகளும், மலிவு விலை மதர்போர்டுகளும் அவர்களிடம் இல்லை. அவை வைத்திருக்கும் சாதாரணப் பயனர்கள் இரட்டை எண் வரும்வரை காத்திருப்பார்கள். இரட்டை எண் வந்த அன்றுதான் உண்மையான சோதனையே தொடங்கும்! 1999 ஜனவரியில் 2.2.0 வந்தபோது இதுதான் நடந்தது. எந்த ஒரு சாதாரணப் பயனரும் ஒரு குறிப்பிட்ட கட்டளையைக் கொடுத்துக் கணினியையே கவிழ்த்துவிடலாம் என்பது வெளிவந்த பிறகு தெரிந்தது. சில நாட்களில் 2.2.1. வெட்கத்தில் தலையில் காகிதப்பையை மாட்டிக்கொள்ள வேண்டிய பதிப்பு என்று லினஸே அதைக் கிண்டலடித்தார்.

வணிகவியலிலும் பொருளாதாரத்திலும் இதற்கு ஒரு பெயர் உண்டு: ஓசிச் சவாரி. ஒருவர் தன் வட்டைப் பணயம் வைத்துச் சோதித்தால் பலன் எல்லோருக்கும் கிடைக்கிறது. நஷ்டம் வந்தால் அவருக்கு மட்டும். கூலியும் கிடையாது. அப்படியென்றால் புத்திசாலித்தனம் எது? அடுத்தவன் சோதிக்கட்டும் என்று காத்திருப்பது. எல்லோரும் புத்திசாலிகளாக இருந்துவிட்டால் சோதிப்பது யார்?

லினஸ் கண்டுபிடித்த வழி, பெயரை மாற்றுவது. 2000 மே மாதம் 2.3 என்ற ஒற்றைப்படைத் தொடரை நிறுத்திவிட்டு, 2.4.0-டெஸ்ட்1 என்று வெளியிட்டார். உள்ளே இருப்பது அதே பட்டறைச் சரக்குதான். ஆனால் பெயரில் 2.4 இருக்கிறது. பெயரைப் பார்த்தாவது நாலு பேர் எடுத்து ஓட்ட மாட்டார்களா என்ற எண்ணம். ஒரு விதத்தில் தூண்டில் புழு! டெஸ்ட்12 வரை போய் 2001 ஜனவரி 4 அன்று 2.4.0 வந்தது. இவ்வளவு ஒத்திகை பார்த்தும் 2.4-இன் முதல் வருடம் லினக்ஸ் வரலாற்றில் மிக மோசமான வருடங்களில் ஒன்று.

அந்த 2001-ஐக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். நினைவகத்தைப் பங்கிடும் பகுதி பாரம் ஏறினால் தடுமாறுகிறது என்று புகார்கள் குவிந்தன. நம்பத்தகுந்த தொடர் என்று சொல்லப்பட்ட 2.4-இன் நடுவிலேயே, செப்டம்பரில் வந்த 2.4.10-இல், ரிக் வான் ரீல் எழுதியிருந்த பகுதியை எடுத்துவிட்டு ஆண்ட்ரியா ஆர்காஞ்சலியின் பகுதியைப் பொருத்தினார் லினஸ். ஓடும் பேருந்தில் எஞ்சின் மாற்றுவது போன்ற வேலை. ஆர்காஞ்சலியின் பகுதி நன்றாகவே ஓடியது என்பது வேறு விஷயம். ஆனால் இரட்டை எண்ணுக்கு இருந்த மரியாதை போயிற்று. அக்டோபரில் 2.4.11 வந்தது. குறியிணைப்புகளைக் கையாள்வதில் வழு. ஓரிரு நாட்களில் 2.4.12 வந்தது, பழையதன் பெயரோடு 'டோன்ட்யூஸ்' என்று ஒட்டி வைத்தார்கள். பயன்படுத்தாதே என்று பெயரிலேயே எழுதப்பட்ட ஒரு வெளியீடு! நவம்பரில், அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளையொட்டி வந்த 2.4.15 இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கோப்புமுறையை இறக்கும்போது, அதாவது கணினியை ஒழுங்காக அணைக்கும்போதே, வட்டில் எழுதப்பட வேண்டிய சில தகவல்கள் எழுதப்படாமல் போயின. மின்சாரம் போனால் கோப்பு கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். முறையாக அணைத்தவனுக்கும் கோப்பு கெட்டால் என்ன செய்வது?

ஒத்திகை எப்படி நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அப்போதெல்லாம் 2.4.15-ப்ரீ1, ப்ரீ2 என்று முன்பதிப்புகள் வரும். ஆனால் ப்ரீ என்பது 'இதுவரை சேர்ந்தவை' என்ற அர்த்தத்தில்தான். கடைசி ப்ரீக்கும் இறுதிப் பதிப்புக்கும் நடுவில் கூட புதிய மாற்றங்கள் உள்ளே வரலாம், வந்தன. ஒத்திகையில் பார்த்த நாடகம் வேறு, மேடையேறிய நாடகம் வேறு.

2.4.15-ஐ வெளியிட்ட கையோடு லினஸ் அடுத்த பட்டறையான 2.5-க்குப் போய்விட்டார். உடைந்து கிடந்த 2.4-ஐ யாரிடம் கொடுத்தார் தெரியுமா? பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனத்தில் வேலை பார்த்த மார்செலோ டொசாட்டியிடம். வயது 18. உலகமெங்கும் வங்கிகளிலும் வலைவழங்கிகளிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு மென்பொருளின் பொறுப்பு ஒரு பதினெட்டு வயதுப் பையனிடம்! அவர் வந்தவுடன் 2.4.16-ஐ வெளியிட்டு வட்டுகளைக் காப்பாற்றினார். அடுத்த பதிப்பில் ஒரு சிறிய சீர்திருத்தம் செய்தார். ப்ரீ வரிசை முடிந்ததும் ஆர்சி என்று தனியாக ஒரு வரிசை. ஆர்சி வந்துவிட்டால் திருத்தம் தவிர வேறு எதுவும் உள்ளே வராது. கடைசி ஆர்சியில் பிரச்சினை இல்லை என்றால் அதுவே பெயர் மாறி இறுதிப் பதிப்பாகும். 2.4 வரிசையில் ஆர்சி என்ற இரண்டெழுத்து இப்படித்தான் நிலைபெற்றது. அந்த வாக்குறுதி எளிமையானது: நீ சோதித்தது எதுவோ அதுவே வெளிவரும்.

வேடிக்கை என்னவென்றால், 2002 பிப்ரவரியில் 2.4.18 வெளியானபோது அவரே தவறுதலாக ஆர்சி4-இல் இருந்த திருத்தத்தை விட்டுவிட்டு வெளியிட்டுவிட்டார். சோதித்தது ஒன்று, வந்தது வேறு. ஆனால் இந்த முறை அது தவறு என்று எல்லோருக்கும் உடனே தெரிந்தது. அதற்கு முன்னால் அப்படி நடப்பதுதான் வழக்கம்.

2.5 பட்டறை இரண்டு வருடம் நடந்தது. 2003 ஜூலையில் 2.6.0-டெஸ்ட்1, நவம்பர் கடைசியில் டெஸ்ட்11, டிசம்பரில் 2.6.0. இந்தத் தடவை ஒத்திகை நன்றாக நடந்தது. ஆனால் வேறொரு தலைவலி தெரிய வந்தது. 2.4-க்கும் 2.6-க்கும் நடுவில் மூன்று வருட இடைவெளி. அவ்வளவு காலம் வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்களா? ரெட் ஹேட், சூசே போன்ற நிறுவனங்கள் 2.5-இல் எழுதப்பட்ட புதிய வசதிகளை வெட்டியெடுத்துத் தங்கள் 2.4-இல் ஒட்டிக் கொடுத்தன. 2003-இல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 9 இதற்கு நல்ல உதாரணம். அதாவது, லினஸின் கெர்னலை ஒரு கூட்டம் சோதித்துக்கொண்டிருக்க, ஊரெல்லாம் ஓடியது வேறு ஏதோ ஒரு கலவை.

ஆகவே 2004 ஜூலையில் ஒட்டாவாவில் கூடிய கெர்னல் நிரலர்கள், 2.7 என்ற பட்டறையே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். புதிய வசதிகள் எல்லாம் 2.6-க்குள்ளேயே, சில மாதங்களுக்கு ஒரு முறை, சிறு சிறு தவணைகளில் வரும். பெரிய கடனை ஒரே நாளில் அடைப்பதற்குப் பதில் மாதத் தவணை கட்டுவது மாதிரி. நல்ல யோசனைதான், ஆனால் ஆர்சி என்ற பெயருக்கு இப்போது அர்த்தம் போயிற்று. லினஸ் ஆர்சி1 என்று வெளியிடுவார், ஆர்சி2-இல் புதிய வசதி வரும், ஆர்சி3-இலும் வரும். இது என்ன வேட்பாளர் என்று கேட்டவர்களுக்கு 2004 அக்டோபரில் 2.6.10-ஆர்சி1-ஐ வெளியிடும்போது அவர் சொன்ன பதில், ஆர்சி என்றால் ரிலீஸ் கேண்டிடேட் இல்லையாம், 'ரிடிகுலஸ் கவுண்ட்', அதாவது கேலிக்கூத்தான எண்ணிக்கையாம்! நகைச்சுவையாக இருந்தாலும், மார்செலோ கொடுத்த வாக்குறுதி இங்கே காற்றில் போனதை மறுக்க முடியாது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஆகஸ்டில், 2.6.8-இல் நெட்வொர்க் கோப்புமுறை வேலை செய்யாமல் போய், அன்றே 2.6.8.1 என்று நாலாவது எண்ணைச் சேர்த்து ஒட்டுப் போட வேண்டியிருந்தது.

2005-ஆம் வருடம் மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. மார்ச்சில் கிரெக் க்ரோவா-ஹார்ட்மேனும் கிறிஸ் ரைட்டும் வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்கள் மட்டும் தரும் தனித் தொடரை 2.6.11.1-உடன் ஆரம்பித்தார்கள். ஏப்ரலில், அதுவரை நிரல்களை நிர்வகித்துவந்த பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளின் இலவச உரிமம் போனதால், லினஸ் சில நாட்களில் 'கிட்' என்ற கருவியைத் தானே எழுதினார். ஜூலையில், மீண்டும் ஒட்டாவாவில், இரண்டு வாரம் கதவைத் திற, பிறகு சாத்து என்ற விதியை ஏற்றுக்கொண்டார்கள். 2.6.14-இல் இருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆர்சிக்கு மறுபடி மரியாதை வந்தது.

கிட் விஷயத்தில் ஒரு சுவையான செய்தி. 2005 ஏப்ரல் 16 அன்று கெர்னலை அதில் ஏற்றியபோது, பழைய மாற்றங்களின் வரலாறு முழுவதையும் கொண்டுவந்தால் 3.2 கிகாபைட் ஆகும், இப்போதைக்கு வேண்டாம் என்று லினஸ் விட்டுவிட்டார். ஏற்றியது 2.6.12-ஆர்சி2-ஐ. இன்றைக்கும் கெர்னலின் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று தோண்டிக்கொண்டே போனால் பல வரிகள் அந்த ஆர்சி2-இல் போய் முட்டி நிற்கும். லினக்ஸின் எழுதப்பட்ட வரலாறு ஒரு ஒத்திகைப் பதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது!

கிட் சோதனையாளர்களுக்கு ஒரு பெரிய ஆயுதத்தையும் கொடுத்தது. அதற்கு முன் சாதாரண மனிதன் ஆர்சியைச் சோதிப்பது எப்படியிருந்தது? டயல்-அப் இணைப்பில் முழுக் கெர்னலையும் இறக்க முடியாது, எனவே பேட்சை மட்டும் இறக்க வேண்டும். ஆர்சி2-இன் பேட்சை ஆர்சி1-இன் மேல் போடக்கூடாது, முந்தைய முழுப்பதிப்பின் மேல்தான் போட வேண்டும். இது தெரியாமல் மாட்டியவர்கள் ஏராளம். பிறகு மணிக்கணக்கில் கம்பைல். பழைய கெர்னலை லிலோவிலோ கிரப்பிலோ பத்திரமாக வைத்துக்கொண்டு புதியதை ஏற்ற வேண்டும். எல்லாம் செய்து ஒலி வரவில்லை என்று கண்டுபிடித்தால், 'முந்தைய பதிப்பில் வந்தது, இதில் வரவில்லை' என்று மட்டும்தான் சொல்ல முடியும். நடுவில் நுழைந்த ஆயிரக்கணக்கான மாற்றங்களில் குற்றவாளி எது? கிட் பைசெக்ட் அதற்கு வழி செய்தது. நல்ல பதிப்பு இது, கெட்ட பதிப்பு இது என்று சொன்னால் நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். ஓட்டிப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொன்னால் மறுபாதியைக் கழித்துவிட்டு அடுத்த நடுவை எடுக்கும். 12,000 மாற்றங்கள் இருந்தாலும் 14 தடவைக்குள் குற்றவாளி சிக்கிவிடும். சி மொழி தெரியாத ஒருவர் கூட, பொறுமை மட்டும் இருந்தால், நிரலரிடம் போய் 'உன் இந்த மாற்றம்தான்' என்று விரலைக் காட்டலாம்.

புகார்கள் குவிய ஆரம்பித்ததும் அவற்றைக் கணக்கு வைக்க ஆள் வேண்டுமே? ஜெர்மனியைச் சேர்ந்த ஏட்ரியன் பங்க் அந்த வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டார். முன்பு ஓடியது இப்போது ஓடவில்லை என்ற வகைப் பின்னடைவுகளை மட்டும் தொகுத்து, ஒவ்வொரு ஆர்சிக்கும் பட்டியல் வெளியிட்டார். 2007 ஏப்ரலில் 2.6.21 வந்தபோது அந்தப் பட்டியலில் தீராத பின்னடைவுகள் இருந்தன. அது கடிகாரத் துடிப்பையே மாற்றியமைத்த பதிப்பு, அதனால் கணினியைத் தூங்க வைத்து எழுப்புவது போன்றவை பல இடங்களில் கெட்டிருந்தன. பட்டியல் கண்ணெதிரே இருக்கும்போதே லினஸ் வெளியிட்டார். பங்க் அந்த வேலையை விட்டுவிட்டார்.

இதில் யார் பக்கம் நியாயம்? கணக்குப் புத்தகத்தில் வித்தியாசம் வந்தால் அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு வருடத்தை முடிப்பார்கள். காத்துக்கொண்டே இருந்தால் கணக்கை முடிக்கவே முடியாது என்பது லினஸ் தரப்பு வாதம். அதில் உண்மை இருக்கிறது. வெளியீடு தள்ளிப்போனால் நிரலர்கள் பழைய வழுவைத் திருத்த உட்காருவதில்லை, அடுத்த பதிப்புக்கான சரக்கைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் ராத்திரி தூக்கம் விட்டு 14 தடவை கம்பைல் செய்து புகார் கொடுத்தவன், தன் புகார் அப்படியே இருக்கப் பதிப்பு வெளிவருவதைப் பார்த்தால் அடுத்த ஆர்சியைத் தொடுவானா? பங்குக்கு வந்த கோபம் நியாயமானது. அவருக்குப் பின் மிஹால் பியோட்ரோவ்ஸ்கி, ரஃபேல் விசோட்ஸ்கி போன்றவர்கள் பட்டியலைத் தொடர்ந்தார்கள்.

இனி 2008. ஜூலை கடைசியில் 2.6.27-ஆர்சி1 வந்தது. செப்டம்பரில் அந்தக் கெர்னலைத் தாங்கிய ஓப்பன்சூசே, உபுண்டு, ஃபெடோரா, மாண்ட்ரிவா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளை நிறுவியவர்களில் சிலருக்கு நெட்வொர்க் கார்டு காணாமல் போனது. இன்டெலின் இ1000இ என்ற டிரைவரைப் பயன்படுத்தும் கிகாபிட் கார்டுகள், அதுவும் மடிக்கணினிகளில் மதர்போர்டோடு பதிந்தவை. பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் கார்டு வரவில்லை. விண்டோஸில் போட்டாலும் வரவில்லை. கார்டின் உள்ளே, அது தன்னை யார் என்று தெரிந்துகொள்ளும் தகவல்கள் பதிந்திருக்கும் சிறிய நினைவகமே அழிந்திருந்தது. மென்பொருளைச் சோதிக்கப் போய் வன்பொருள் செத்துவிட்டது!

கோப்பு போனால் காப்புப்பிரதியில் இருந்து எடுக்கலாம். மதர்போர்டு போனால்? அந்த உள்நினைவகத்தை முன்பே ஒரு கோப்பில் சேமித்து வைத்திருந்தவர்கள் மட்டும் மீட்டெடுக்க வாய்ப்பு இருந்தது. ஒத்திகைப் பதிப்பை ஓட்டும் முன் நெட்வொர்க் கார்டின் உள்நினைவகத்தைச் சேமிக்க எத்தனை பேருக்குத் தோன்றும்? வழங்கல் நிறுவனங்கள் அவசரமாக அந்த டிரைவரை முடக்கி வைத்தன.

இதில் இன்னொரு கொடுமை, துப்புத் துலக்குவது. பைசெக்ட் செய்யலாம், ஆனால் ஒவ்வொரு 'கெட்டது' என்ற பதிலுக்கும் விலை ஒரு கார்டு! முதலில் சந்தேகம் விழுந்தது இ1000இ டிரைவர் மேல். அது குற்றமற்றது. பிறகு கிராஃபிக்ஸ் பகுதியின் மேல். அதுவும் இல்லை. கடைசியில் அகப்பட்டது, நெட்வொர்க்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எஃப்டிரேஸ் என்ற புதிய வசதி. கெர்னலுக்குள் எந்தச் செயற்கூறு எப்போது ஓடுகிறது என்று பின்தொடரும் கருவி அது. எழுதிய ஸ்டீவன் ராஸ்டெட்டே காரணத்தையும் தேடிக் கண்டுபிடித்தார்.

நடந்தது இதுதான். எஃப்டிரேஸ் செயற்கூறுகள் இருக்கும் நினைவக முகவரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு அந்த இடங்களில் நிரலை மாற்றி எழுதும். ஒரு நிரற்கூறு ஏறும்போது மட்டும் தேவைப்படும் தொடக்கப் பகுதிகள் வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து நீக்கப்படும். எஃப்டிரேஸின் பட்டியலில் மட்டும் அந்தப் பழைய முகவரி நின்றுவிட்டது. காலியான அதே முகவரியில், பிறகு, நெட்வொர்க் கார்டின் உள்நினைவகத்துக்கான வாசல் வந்து உட்கார்ந்தது. குடியிருந்தவர் வீடு காலி செய்து போன பிறகு பழைய முகவரிக்குத் தபால் போனது போல. எஃப்டிரேஸ் அசட்டையாகவும் எழுதவில்லை. 'இங்கே எதிர்பார்த்தது இருந்தால் மட்டும் மாற்று' என்ற கட்டளையைத்தான் பயன்படுத்தியது. சாதாரண நினைவகத்தில் அது பத்திரமானது. ஆனால் அந்தச் செயலிகளில் அந்தக் கட்டளை, பொருந்தாவிட்டாலும் இருந்ததையே திருப்பி ஒரு முறை எழுதும். நினைவகத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. சாதனத்தின் வாசலில் எழுதினால் அது சாதனத்துக்கு இட்ட ஆணையாகிவிடும்.

2008 அக்டோபர் 9 அன்று 2.6.27 வெளிவந்தது. அதற்குள் டிரைவரில் அந்த உள்நினைவகத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் வந்த 2.6.27.1 எஃப்டிரேஸின் அந்தப் பகுதியை முடக்குவதற்காகவே வந்தது. இறுதிப் பதிப்பில் கோடிக்கணக்கான கணினிகளுக்கு நேர்ந்திருக்கக்கூடியது, ஆர்சியை எடுத்த கொஞ்சம் பேரோடு நின்றது. அந்தக் கொஞ்சம் பேருக்கு மதர்போர்டுக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேட்கக்கூடாது.

அதே 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீஃபன் ராத்வெல், அடுத்த பதிப்புக்கு வரவிருக்கும் மாற்றங்களை எல்லாம் வேலை நாட்களில் தினமும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் லினக்ஸ்-நெக்ஸ்டைத் தொடங்கியிருந்தார். ஆர்சி1 வருவதற்கு முன்பே ஒரு ஒத்திகை. பிறகு மெல்ல மெல்ல இயந்திரங்கள் இந்த வேலைக்கு வந்தன. அனுப்பப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் கம்பைல் செய்து பார்க்கும் இன்டெலின் ரோபோ, பலவகைப் பலகைகளில் கெர்னலை ஏற்றிப் பார்க்கும் கெர்னல்சிஐ, தாறுமாறான கட்டளைகளைக் கொடுத்துக் கவிழ்த்துப் பார்க்கும் கூகுளின் சிஸ்பாட். இவை தூங்குவதில்லை, கோபித்துக்கொண்டு போவதும் இல்லை. 2021-இல் ஜெர்மன் பத்திரிகையாளர் தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ், அன்று பங்க் கையால் செய்த பட்டியல் வேலைக்கு ரெக்ஸ்பாட் என்ற கருவியையும் எழுதிவிட்டார்.

ஆனாலும் ரோபோக்கள் தரும் சான்றிதழ் இருப்பாய்வு மாதிரிதான். பற்றும் வரவும் சமமாகிவிட்டால் கணக்கில் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை என்பது கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குத் தெரியும். விடு பிழையும் விதிப் பிழையும் ஈடுசெய் பிழையும் உள்ளேயே ஒளிந்திருக்கும். கம்பைல் ஆயிற்று, ஏறியது என்பதும் அவ்வளவுதான். கெர்னலின் பெரும்பகுதி டிரைவர்கள். எந்த ரோபோவிடமும் உங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினி இல்லை.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடுகள் வெளியுலகுக்குத் தெரிந்தபோது 4.15 ஆர்சி9 வரை போக வேண்டியிருந்தது. கெர்னல் டாட் ஆர்க் வழங்கி உடைக்கப்பட்ட 2011-க்குப் பிறகு அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் முறை. ஒழுங்கு அந்த அளவுக்குப் படிந்துவிட்டிருந்தது.

பிறகு 2021 பிப்ரவரி. 5.12-க்கான கதவு திறந்திருந்த இரண்டு வாரத்தில் அமெரிக்காவின் ஓரிகனில் பனிப்புயல். லினஸ் வீட்டில் ஆறு நாள் மின்சாரம் இல்லை. எப்படியோ சமாளித்து 28-ஆம் தேதி ஆர்சி1-ஐ வெளியிட்டார். அதற்குள், யாரும் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றாத ஒரு சின்னத் துப்புரவு மாற்றம் இருந்தது. நினைவகம் போதாதபோது சிலவற்றை வட்டுக்குத் தள்ளி வைப்பார்கள். அதற்குத் தனிப் பகிர்வு வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாதாரணக் கோப்பில் வைத்திருப்பவர்களுக்கு, அந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்ற கணக்கை அந்த மாற்றம் தொலைத்துவிட்டது. தள்ளி வைத்தவை எல்லாம் கோப்புக்குள் போகாமல் கோப்புமுறையின் மேலேயே எழுதப்பட்டன. 2.4.15-ஐ விட மோசம். லினஸின் கணினியில் அப்படிப்பட்ட கோப்பு இல்லை. பெரும்பாலான நிரலர்களிடம் தாராளமாக நினைவகம் இருந்ததால் வட்டுக்குத் தள்ளும் தேவையே வரவில்லை. இன்டெலின் கிராஃபிக்ஸ் குழுவின் சோதனைக் கணினிகளில்தான் அது மாட்டியது.

திருத்தம் சுலபம், நாலு வரி கூட இருக்காது. ஆனால் வழுவுள்ள ஆர்சி1 கிட்டுக்குள் நிரந்தரமாகப் பதிந்துவிட்டதே? வழக்கம்போல் நிரலர்கள் ஆர்சி1-ஐ அடித்தளமாக வைத்து அடுத்த வேலையைத் தொடங்கினால், வருடங்கள் கழித்து வேறு ஏதோ ஒரு வழுவைத் தேடி யாராவது பைசெக்ட் செய்யும்போது, அந்த நடுப்புள்ளி இந்த இடத்தில் வந்து விழலாம். ஒலி வரவில்லை என்று தேடப் போனவன் வட்டை இழப்பான். ஆகவே லினஸ் மார்ச் 3 அன்று எல்லோரையும் எச்சரித்து, ஆர்சி1-ஐ அடித்தளமாக எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, அதன் பெயரை மாற்றினார். ஆர்சி2 ஞாயிறு வரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமையே வந்தது. கெர்னலின் பதிப்புப் பட்டியலில் இன்றும் வெறும் 5.12-ஆர்சி1 என்று தேடினால் கிடைக்காது. இருபது வருடம் முன்பு 2.4.11-க்கு வைத்த அதே வாலோடு, 5.12-ஆர்சி1-டோன்ட்யூஸ் என்றுதான் இருக்கிறது.